அம்மாவுக்குத் தொண்ணூறு போதும்

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகளுக்கு, நுரையீரல் நோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர் பதில் சொல்கிறார்.

கேள்வி:

வணக்கம் சிஸ்டர். என் அம்மாவுக்கு 66 வயது. பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போனவர். எல்லாம் விறகு அடுப்பு. ஐந்தாறு வருஷமாகவே படி ஏறினால் மூச்சு வாங்கும். வயசாச்சு என்று விட்டுவிட்டோம். போன மாதம் சளி முற்றி, மூச்சுவிட முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றார்கள். ஒரு வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "2 லிட்டர், 88–92" என்று எழுதியிருக்கிறது.

தம்பிக்கும் எனக்கும் தினமும் இதில்தான் சண்டை. கொரோனா நேரத்தில் 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்றுதானே சொன்னார்கள்? ராத்திரி ஆக்சிமீட்டர் 89 காட்டினால் அவன் 5-க்கு ஏற்றி வைத்துவிடுகிறான். 97, 98 வந்தால்தான் படுக்கப் போகிறான். வேண்டாம் என்றால், "காத்துதானேக்கா, கூடக் குடுத்தா என்ன கெட்டுடும்?" என்கிறான். பகலில் இதற்கு நேர்மாறு. யாராவது வந்தால் அம்மா டியூபைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். "பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாம்" என்று யாரோ சொன்னதிலிருந்து பாதி நாள் போடுவதே இல்லை. காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறார். சில நாள் எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். ராத்திரி தூக்கம் பற்றவில்லை போல.

எந்த எண் சரி? குளிக்க, சாப்பிட, தூங்க எப்படி வைத்துக்கொள்வது? கரன்ட் போனால் என்ன செய்வது? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்:

அன்புள்ள சகோதரி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, காலைத் தலைவலியும் எழுப்பினாலும் விழிக்காத தூக்கமும், அதற்குத்தான் முதல் பதில். அதைத் தூக்கக் குறைவு என்று நினைக்காதீர்கள். அம்மாவின் உடலில் கரியமில வாயு தேங்குவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். ஆகவே கட்டுரையைப் பிறகு படிக்கலாம். முதலில் இதைச் செய்யுங்கள். குமிழை மருத்துவர் எழுதிய 2 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். பயந்துபோய் இயந்திரத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். கூடுதலாக ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜனைச் சட்டென்று நிறுத்தினால் அளவு முன்பிருந்ததைவிடவும் கீழே இறங்கும். இன்றைக்கே அந்த மருத்துவரிடம் பேசி, காலை அறிகுறிகளைச் சொல்லுங்கள். எழுப்பினால் எழவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் நாளை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆக்சிமீட்டர் பாதியைத்தான் பார்க்கிறது

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்ப்பது ஒன்று. கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த முறை இது. அருமையான கருவிதான். ஆனால் கரியமில வாயு வெளியே போகிறதா, உள்ளேயே தங்குகிறதா என்பது அதற்குத் தெரியாது. திரையில் 98 ஒளிரும்போதே நோயாளி மயக்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கலாம். உங்கள் தம்பி நிம்மதியாகப் படுக்கப் போகும் நேரம் அதுதான்.

94 என்ற கணக்கு தவறில்லை. 2021-இல் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டது, பெரும்பாலும் நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்குப் புதிதாகத் தொற்று வந்தபோது பார்க்க வேண்டிய எண். நிமோனியா வந்த மற்றவர்களுக்கு இன்றைக்கும் 94 முதல் 98 வரைதான் இலக்கு. உங்கள் அம்மாவின் நுரையீரல் பல வருஷப் புகையில் சேதமானது. அது குறைந்த ஆக்சிஜனோடு வாழப் பழகிவிட்டது. கூடவே, கரியமில வாயுவை வெளியேற்றத் திணறுகிற நுரையீரலாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008-இல் வெளியிட்டு 2017-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், இப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 என்று வரையறுக்கிறது. உங்கள் சம்மரியில் இருப்பதும் அதே எண்தான்.

கூடக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று தம்பி கேட்பதில் தவறில்லை. அதற்கும் பதில் இருக்கிறது. நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு உடல் தானாகவே இரத்த ஓட்டத்தைக் குறைத்து, காற்றோட்டம் உள்ள பகுதிகளுக்குத் திருப்பிவிடுகிறது. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்தச் சுருங்கிய நாளங்கள் விரிந்துவிடும். கரியமில வாயுவை இறக்கி வைக்க முடியாத மூலைகளுக்கு இரத்தம் போய் வீணாகத் திரும்பும். அதிக ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினால் கரியமில வாயுவைச் சுமக்க முடிவதும் குறைகிறது. சிலருக்கு மூச்சுவிடும் உந்துதலே சற்று மந்தப்படும். மூன்றும் சேர்ந்தால் தலைவலி, முகம் சிவத்தல், கை கதகதப்பாகி நீட்டிய விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளுதல், பிறகு அரைமயக்கம் என்று வரிசையாக வரும்.

மருத்துவ உலகுக்கு இது புதிய செய்தி அல்ல. 1960-லேயே மோரன் காம்பெல் என்ற மருத்துவர், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அளந்து ஆக்சிஜன் கொடுப்பதற்கென்றே வென்ச்சுரி முகமூடியை அறிமுகப்படுத்தினார். நீல முனை 24 சதவீதம், வெள்ளை முனை 28 சதவீதம் என்று இன்றும் வார்டுகளில் நிறத்தைப் பார்த்துத்தான் மாட்டுகிறோம். 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட மூச்சுத்திணறல் நோயாளிகள் 405 பேரில், ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் அதிக ஆக்சிஜனும் இன்னொரு பிரிவினருக்கு 88–92-க்கு அளந்து கொடுத்த ஆக்சிஜனும் தரப்பட்டன. அளந்து கொடுத்தவர்களிடையே இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது.

மூக்குக் குழாயில் நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்பது, நாம் சுவாசிக்கும் 21 சதவீத ஆக்சிஜனை ஏறக்குறைய 28 சதவீதமாக்குகிறது. 5 லிட்டர் வைத்தால் 40 சதவீதம். இன்சுலினை நினைத்த அளவுக்கு ஏற்றுவோமா? ஆக்சிஜனும் சீட்டில் அளவு எழுதித் தரப்படும் மருந்துதான்.

ஒரு சேதி மட்டும் கூடவே சொல்ல வேண்டும். ராத்திரி கரியமில வாயு தேங்குவதற்கு 5 லிட்டர் மட்டுமே காரணம் என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோயே அந்த அளவுக்கு முற்றியிருக்கலாம். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ காரணமாக இருக்கலாம். தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் ஏ.பி.ஜி. பரிசோதனைதான் அதைச் சொல்லும். அதில் கரியமில வாயு 35 முதல் 45 வரை இருப்பது இயல்பு. மிகவும் கூடியிருந்தால் இரவில் முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரம் தேவைப்படலாம்.

ஆளைப் பாருங்கள், அப்புறம் எண்ணை

வார்டில் புதிதாகச் சேரும் மாணவிகளிடம், திரையைப் பார்க்கும் முன் ஒரு முழு நிமிஷம் நோயாளியைப் பார்க்கச் சொல்வோம். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மூச்சை எண்ணுங்கள். "மூச்சை எண்ணப் போறேம்மா" என்று சொல்லிவிட்டு எண்ணினால் யாருடைய மூச்சும் மாறிவிடும். செவிலியர்கள் செய்வது இது: நாடி பார்ப்பது போல அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் வயிற்றின் மேல் சாய்த்து வையுங்கள். நாடியை எண்ணி முடித்தும் கையை எடுக்காதீர்கள். வயிறு எழும்பித் தாழ்வதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். மூச்சு சீராக இல்லாதவர்களிடம் அந்தக் கணக்கு தப்பும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 இயல்பு. சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நன்றாக இருக்கும் நாளில் அம்மாவுக்கு எத்தனை என்று தெரிந்து வைத்துக்கொண்டால்தான், மோசமான நாளை அடையாளம் காண முடியும்.

அடுத்தது, எதைக் கொண்டு மூச்சு விடுகிறார் என்று பாருங்கள். தொண்டைக்குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுக்கிறதா? கழுத்துத் தசைகள் கயிறு போல் விறைக்கின்றனவா? மூக்கு மடல் விரிகிறதா? முன்னால் குனிந்து இரு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டுதான் உட்கார முடிகிறதா? எண் 91 என்று காட்டினாலும் இவை இருந்தால் அம்மா கஷ்டப்படுகிறார் என்றுதான் பொருள்.

பேச்சு இன்னொரு அளவுகோல். அம்மா சமையல்காரர் அல்லவா? பந்தியில் பரிமாறும் வரிசையைச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகக் கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், மோர் வரை ஒரே மூச்சில் சொல்பவர், இன்று பொரியலிலேயே நின்று மூச்சு வாங்கினால் அதைக் குறித்து வையுங்கள். வரிசையையே மாற்றிச் சொன்னால் அதையும் குறியுங்கள். புத்தி கலங்குவதற்கு அது முதல் தடயமாக இருக்கலாம்.

நிறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் நீலம் பாய்வது கன்னத்தில் தெரியாது. நாக்கு, உதட்டின் உட்புறம், கண் இமையின் உட்புறம் ஆகியவற்றில் தேட வேண்டும். அப்படியும் அது தாமதமாக வரும் அறிகுறிதான். இரத்தசோகை உள்ளவர்களிடம் வராமலேயே போகலாம். நீலமாகவில்லை என்பதால் நன்றாக இருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகு ஆக்சிமீட்டரை எடுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சோ, கறுத்துப்போன மருதாணியோ இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள். கையை மடியில் அசையாமல் வைத்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே காட்டுவது இந்தக் கருவியின் இயல்பு. தோல் கறுத்தவர்களிடம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்கு வந்தது. நமக்கும் இது பொருந்தும். ஆகவே ஒருமுறை 89 வந்ததற்காகக் கலங்க வேண்டாம். அதே சமயம், 88-க்குக் கீழேயே நின்றால் "ஒண்ணு ரெண்டுதானே" என்று விட்டுவிடவும் வேண்டாம். எழுதித் தந்த அளவு ஓடியும் அப்படியே நின்றால், நீங்களாக அளவைக் கூட்டாமல் 108-ஐ அழையுங்கள்.

"பழகிட்டா விட முடியாதாம்"

அம்மாவின் பயத்துக்கு வருவோம். ஆக்சிஜன் போதைப்பொருள் அல்ல. அதற்கு யாரும் அடிமையாவதில்லை. கழற்றினால் மூச்சு வாங்குகிறது என்றால், நுரையீரலுக்கு அது தேவைப்படுகிறது என்பதுதான் காரணம். போடாமல் இருந்தால்தான் கெடுதல். ஆக்சிஜன் குறைவாகவே ஓடும் உடலில் நுரையீரல் நாளங்களின் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்து, கால் வீங்க ஆரம்பிக்கும்.

இதில் மணிக்கணக்கு முக்கியம். 1981-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன நோயாளிகளில், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு எடுத்துவிடுவதால் அந்தப் பலன் வராது. இரவு முழுக்கத் தூக்கத்தில் எட்டு மணி நேரம் போய்விடும். மீதி ஏழை சாப்பாடு, குளியல், சீரியல் பார்க்கும் நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆட்கள் வரும்போது கூச்சப்பட்டு ஒரு மணி நேரம் கழற்ற ஆசைப்பட்டால் கழற்றட்டும். மொத்தக் கணக்கு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு நம்பிக்கையும் சொல்லலாம். நோய் முற்றிய நேரத்தில் கொடுத்த ஆக்சிஜன் எல்லோருக்கும் ஆயுள் முழுக்கத் தேவைப்படுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, உடல் தேறிய நிலையில், மறுபடி பரிசோதித்து முடிவெடுக்க வேண்டும். 2016-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ஆக்சிஜன் மிதமாக மட்டுமே குறைந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. தேவைப்படுகிறவருக்குத் தேவையான அளவு என்பதுதான் கணக்கு.

உட்காருவதிலிருந்து குளியல் வரை

மல்லாக்கப் படுப்பதுதான் இவர்களுக்கு மிகவும் சிரமம். வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை கொடுத்து, தலைப்பக்கம் சாய்வு நாற்காலி அளவுக்கு உயரட்டும். வெறும் கழுத்துக்கு மட்டும் தலையணை வைத்தால் தாடை நெஞ்சில் குத்தி மூச்சுப்பாதை மடங்கும். தோளிலிருந்தே உயர்த்துங்கள். சறுக்கிக் கீழே வராமல் முட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை. மூச்சு வாங்கும்போது நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டு அதன்மேல் கைகளை ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். தோள் நிலைத்துவிட்டால் கழுத்து, மார்புத் தசைகள் மூச்சுக்கு உதவ வரும்.

உதடு குவித்து மூச்சு விடுவதை அம்மாவுக்குச் சொல்லித்தருவது சுலபம். ஊதாங்குழல் பிடித்து அடுப்பு ஊதியவருக்கு உதட்டைக் குவிக்கத் தெரியும். வேகம் மட்டும் வேண்டாம். கங்கு கனன்றால் போதும், சாம்பல் பறக்கக்கூடாது என்கிற அளவு மென்மை. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, குவித்த உதட்டால் நான்கு எண்ணும் வரை விடட்டும். சேதமான சிறு மூச்சுக்குழாய்கள் காற்று வெளியேறும் முன்பே மூடிக்கொள்வதுதான் இந்த நோயின் தொல்லை. குவித்த உதடு உள்ளே சிறிது அழுத்தத்தைத் தங்கவைத்து, அவற்றைத் திறந்தபடி வைத்திருக்கும். இதை நன்றாக இருக்கும்போதே பழக்க வேண்டும். திணறல் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

சளிக்குத் தொண்டை கிழிய இருமுவதால் சோர்வுதான் மிச்சம். நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக மூச்சை இழுத்து, இரண்டு நொடி நிறுத்தி, வாயை அகலத் திறந்து "ஹா... ஹா..." என்று இரண்டு மூன்று முறை காற்றைத் தள்ளச் சொல்லுங்கள். சளி மேலே வந்தபின் ஒரு இருமல் போதும். இதைச் சாப்பாட்டுக்கு முன் செய்யுங்கள். பின் செய்தால் வாந்தி வரும். இதயக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்தி ஆவி பிடிக்க வைக்காதீர்கள். தள்ளாடும் வயதில் அந்தத் தண்ணீர் மேலே கொட்டி வெந்துபோகிறவர்கள் உண்டு.

இன்ஹேலர் எழுதித் தந்திருந்தால் ஸ்பேசர் வைத்து எடுக்கட்டும். குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாயை இறுக மூடி, ஒரு அழுத்து. மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிஷமாவது இடைவெளி. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

சாப்பிடும்போது குழாயைக் கழற்றாதீர்கள். மென்று விழுங்குவதும் உழைப்புதான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுங்கள்; வயிறு நிறைந்தால் மூச்சுக்கு இடம் குறையும். குழைவான சாதம், முட்டை, பருப்பு என்று உடம்பில் ஒட்டும் உணவாக இருக்கட்டும். குளியலுக்கு முக்காலி போட்டு உட்காரவைத்து, குழாயோடே குளிக்கட்டும். வெந்நீரும் ஆவி அடைக்காதபடி கதவிடுக்கும் வேண்டும். துவட்டக் கையைத் தூக்குவதுதான் இவர்களை அதிகம் களைக்க வைக்கும். பெரிய துண்டை மேலே போர்த்திவிடுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

இயந்திரம், குழாய், கரன்ட், நெருப்பு

கான்சென்ட்ரேட்டர் அறையின் காற்றிலிருந்து நைட்ரஜனைச் சியோலைட் துகள்களால் பிடித்துவைத்து, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே தருகிறது. சுவரை ஒட்டி வைத்தால் அதற்கும் மூச்சு முட்டும். ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். வெளிப்புற வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். குமிழைத் திருகும்போது கண் அந்தச் சின்ன உருண்டைக்கு நேராக இருக்க வேண்டும். உருண்டையின் நடுப்பகுதி 2-ஆம் கோட்டில் நிற்கட்டும். காற்று வருகிறதா என்று சந்தேகமாக இருந்தால் குழாய் முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வர வேண்டும்.

மூக்கு முனைகள் உள்வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். காதுக்குப் பின்னாலும் மூக்குக்குக் கீழும் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் குழாய்க்கும் தோலுக்கும் இடையே மெல்லிய காஸ் துணி வையுங்கள். விட்டால் அது புண்ணாகும். 2 லிட்டரில் பெரும்பாலோருக்கு ஈரப்பத பாட்டில் தேவைப்படாது. மூக்கு காய்ந்து எரிந்தால் மட்டும் பயன்படுத்தலாம். அப்படியானால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, தினமும் கழுவி மாற்ற வேண்டும். பழைய தண்ணீர் கிருமி வளர்க்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்து வையுங்கள். 5 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கரன்ட் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். எப்படியும் ஒரு 'பி' வகை சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து. அதில் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். 2 லிட்டர் வேகத்தில் 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டர் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் காலி. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். அதன் வால்வில் எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள்.

ஆக்சிஜன் தானாக எரியாது; எரிகிற எதையும் வெறிகொண்டு எரியவைக்கும். அம்மா இருக்கும் அறையில் குத்துவிளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். இவற்றின் புகையும் அவருக்கு ஆகாது. அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆக்சிஜன் ஓடும் மூக்கில் எண்ணெய்ப் பசை தீப்பற்றும் அபாயம் உள்ளது. தண்ணீர் சேர்ந்த ஜெல்லை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். சமையலறைப் பக்கம் போய் "தாளிப்பு சரியா இருக்கா" என்று பார்க்காமல் அம்மாவால் இருக்க முடியாது என்பது புரிகிறது. தாளிக்கும் நேரம் மட்டும் கூடத்திலேயே உட்கார்ந்து உத்தரவு போடட்டும்.

எப்போது ஓட வேண்டும்

மூச்சு வாங்குவது வழக்கத்தைவிடக் கூடினால், சளியின் அளவு கூடினால், வெள்ளைச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கால் வீக்கம், காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியவை: ஓய்வில் மூச்சு நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டுவது, இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் போவது, எழுதித் தந்த அளவில் ஆக்சிஜன் ஓடியும் 88-க்குக் கீழேயே நிற்பது, நாக்கு நீலமாவது, நெஞ்சுவலி, புதிதாகக் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம். கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று மெதுவாகி அமைதியானால், தேறிவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். தசை களைத்துப்போய் மூச்சு அடங்குவதாகவும் இருக்கலாம். ஆள் தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் உங்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது: "சி.ஓ.பி.டி. நோயாளி, 88–92-க்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்." டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைச் சிலிண்டர் அருகிலேயே பிளாஸ்டிக் உறையில் தொங்கவிடுங்கள். பரபரப்பில் வரும் எவரும் நல்லெண்ணத்தோடு முழு வேகத்தில் ஆக்சிஜனைத் திறந்துவிடக்கூடும். அந்தத் தாள் அவர்களை நிறுத்தி யோசிக்க வைக்கும். உயிருக்கே போராடும் நிலையில் அவர்கள் கூடுதலாகக் கொடுக்க முடிவு செய்தால், அந்த நேரத்தில் தடுக்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டு கையில் இருக்கட்டும். தினமும் காலை, மாலை ஒரே நேரத்தில் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிமீட்டர் எண், அப்போது ஓடிய லிட்டர், சளியின் நிறம், தலைவலி உண்டா இல்லையா என்று ஐந்தே பத்தி. கேட்க வேண்டியவையும் மூன்றுதான்: ஏ.பி.ஜி. எப்போது பார்ப்பது? நடக்கும்போதும் தூங்கும்போதும் எத்தனை லிட்டர்? ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளை எப்போது போடுவது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் உங்கள் பகுதிக்கு உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மூச்சுப் பயிற்சியை நேரில் சரிபார்க்க ஆள் கிடைத்தால் பாதி பாரம் குறையும்.

தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். ராத்திரி குமிழைத் தொடும் அந்தக் கை, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் மூச்சை எண்ணட்டும். எண்ணி முடித்து, பேசவைத்து, தெளிவாக இருக்கிறார், ஆக்சிமீட்டர் 89 என்று நோட்டில் எழுதிவிட்டுத் தம்பி தாராளமாகத் தூங்கப் போகலாம். குமிழின் மேல் 2-ஆம் கோட்டுக்கு நேராக ஒரு துண்டு பிளாஸ்திரியும் ஒட்டிவிடுங்கள். மருத்துவர் மாற்றச் சொன்னால் மட்டும் அதைப் பிரித்தால் போதும்.